ஆங்கிள் அக்காவும் நத்தைப் பட்டாளமும்

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் தட்டில் சாம்பார்கூட ஊற்றிக்கொள்ளாத ஒரு மனுஷியைத் திருச்சி ஜில்லா இதுவரை ஒரே ஒரு முறைதான் பெற்றெடுத்திருக்கிறது. அவர் ஆங்கிள் அக்கா. திருவானைக்காவலில், வேலை பார்க்கும் பெண்களுக்கான ஒரு ஹாஸ்டலில், நானும் அவரும் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். மூன்று வருஷமும் மெஸ்ஸில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார அவர் என்னை விட்டதில்லை. ரசம் திசை மாறிவிடுமாம்.

ஹாஸ்டல் ரிஜிஸ்டரில் அவருக்கு நல்லதொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். துவாக்குடியில் பாய்லர் குழாய்களுக்கு வெல்டிங் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் அவர் இன்ஸ்பெக்டர். இரண்டு குழாய்களை ஒட்டுவதற்கு முன் அவற்றின் விளிம்பைச் சாய்வாகச் சீவுவார்கள். அந்தச் சாய்வு சரியான கோணத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. வேலையைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் அவருக்கு இல்லை. காலண்டர் கோணலாகத் தொங்கினாலும் சரி, ஒரு பெண்ணின் தலை வகிடு கொஞ்சம் விலகியிருந்தாலும் சரி, "ஆங்கிள் சரியில்லையே" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயரால் ஒரு கலவரமே வரப் பார்த்தது. வையம்பட்டியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு பெண், முதல் வாரம் வீட்டு ஞாபகத்தில் அழுதுகொண்டே இருந்தாள். அக்கா அவளை எங்கள் அறைக்குக் கூட்டி வந்து முறுக்கு கொடுத்து உட்காரவைத்தார். அவள் அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் செய்து, கவலைப்படாதீங்க, ஆங்கிள் ரூம்லதான் இருக்கேன், ரொம்ப அன்பா பாத்துக்கிறாங்க என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் அப்பா, இரண்டு சித்தப்பாக்களோடு வந்து இறங்கிவிட்டார். மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் வார்டன் அக்காவைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் நிறுத்தினார். அப்பா அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இவங்களா அங்கிள்?"

"ஆமாங்க" என்றார் வார்டன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

அப்பா காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். பஸ் ஏறும் வரையிலும் குழப்பம் தெளியவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

வார்டன் ஒரு கன்னியாஸ்திரி. எல்லோருக்கும் வெறும் சிஸ்டர். குரலை உயர்த்தவே மாட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் போதும், மாடியில் பாடிக்கொண்டிருப்பவள் நிறுத்திவிடுவாள். அவருக்குத் தெரிந்த ஒருவர், தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட கம்ப்யூட்டரை ஹாஸ்டலுக்குக் கொடுத்தார். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பெண்களுக்கு உதவும் என்று சிஸ்டர் அதைக் கூடத்தில் வைத்தார். பூப்போட்ட துணியால் போர்த்தினார். சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழுவரை என்று நேரம் எழுதி ஒட்டினார். ஆனால் பேங்க் பரீட்சை சம்பந்தமாக அதற்குள் ஒன்றுமில்லை. கொடுத்தவர் சீடி வைக்கும் தட்டில் மறந்து விட்டுவிட்ட ஒரு விளையாட்டு மட்டும்தான் இருந்தது.

அது ஒரு பீரங்கி விளையாட்டு. சண்டை போடுவது நத்தைகள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஒவ்வொன்றும் இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு, முறை வைத்து, ஒன்றையொன்று குண்டு போட்டு அடிக்கும். எந்தக் கோணத்தில் சுடுவது, எவ்வளவு விசை கொடுப்பது என்பதை நாம் சொல்ல வேண்டும். மேலே ஒரு அம்புக்குறி காற்றின் திசையைக் காட்டும். குண்டு என்றால் பெரும்பாலும் பூசணிக்காய். அடிபட்ட நத்தை கீச்சுக் குரலில் திட்டிக்கொண்டே பறந்து போய்த் தண்ணீரில் விழும்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. விஞ்ஞானி நத்தை ஒன்று கால இயந்திரம் செய்கிறது. பார்க்க அது மாவாட்டும் கிரைண்டர் போலவே இருக்கும். முதல் ஓட்டத்திலேயே அது வெடித்து, அதன் பாகங்கள் ஒவ்வொரு யுகத்துக்கும் ஒன்றாகப் போய் விழுந்துவிடுகின்றன. டைனோசார் காலத்துக்கும், பிரமிடு கட்டுகிற காலத்துக்கும், கோட்டை ராஜாக்கள் காலத்துக்கும், கடற்கொள்ளைக்காரர்கள் காலத்துக்கும் போய், அங்கங்கே சண்டை போட்டு ஜெயித்து, பாகங்களைப் பொறுக்கிக்கொண்டு நிகழ்காலத்துக்குத் திரும்ப வேண்டும். தோற்றால் அந்த யுகத்தின் ஆரம்பத்துக்கே கிரைண்டர் நம்மைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடும்.

நத்தைக்கு எதற்குக் கால இயந்திரம் என்று நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. நத்தை எங்கே போனாலும் நேரமாகும், அதனால்தான் கண்டுபிடித்திருக்கிறது, அதைவிட நியாயமான காரணம் யாருக்கு இருக்கிறது என்று கேட்டார்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மறுநாள் துவாக்குடியிலிருந்து வரும்போதே எஃகுக் கோணமானி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து அளப்பார். காற்று இவ்வளவு, கோணம் இவ்வளவு, விசை இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுவார். நாங்கள் ஒரு சண்டையைப் பத்து நிமிஷத்தில் தோற்றுவிடுவோம். அக்கா அதையே ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு ஜெயிப்பார். நத்தைகளுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்பதால் எங்கள் பெயர்களை வைத்திருந்தார். என் பெயர் கொண்ட நத்தைக்கு ஆயுசு கம்மி. மெஸ்ஸில் எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டே, துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்:

"நேத்து நீ தண்ணில விழுந்துட்ட. எனக்கு மனசே ஆறல. ஆனா உன்னைய முன்னாடி அனுப்பாம வேற வழியில்ல பாத்துக்க."

பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றுக் கணக்கு வாழ்க்கைக்குள்ளும் வந்துவிட்டது. வாழைப்பழத் தோலைக் குப்பைக்கூடையில் போடுவதற்குமுன் விரலை ஈரமாக்கித் தூக்கிப் பிடிப்பார். ஒண்ணாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோரத்தில் இருப்பவர்களை, வெளியே எச்சில் துப்பாதீர்கள், பின்னால் மூன்றாவது சீட்டுக்குத்தான் வரும் என்று எச்சரிப்பார். அது மூன்றாவது சீட்டுக்குத்தான் வந்தது.

ஓர் ஆடி மாதம், மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த சிஸ்டரின் வெள்ளை முக்காடு காற்றில் பறந்துவிட்டது. ஹாஸ்டலே தேடியது. அக்கா மாடிக்குப் போய் விரலைத் தூக்கிப் பார்த்தார். கிளிப் எங்கே போட்டிருந்தது என்று கேட்டார். பிறகு கிழக்கே கைகாட்டி, மூணாவது வீட்டுக் கொல்லைல ஒரு முருங்கமரம் இருக்கும், அதுல போய்ப் பாருங்க என்றார். முருங்கை மரமும் இருந்தது, முக்காடும் இருந்தது. அன்றுதான் சிஸ்டர், இந்தக் கலையை எங்கே கற்றாய் என்று கேட்டார். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மறுநாள் கம்ப்யூட்டர் கூடத்திலிருந்து சிஸ்டரின் அறைக்குப் போய்விட்டது. கொலை செய்து பழகுவதற்கு இது இடமில்லை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சிஸ்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். ஹாஸ்டலை விட்டு அனுப்பப் போகிறார் என்றே நினைத்தோம். நான் தாங்க முடியாமல், வாசலில் கோலம் அழிந்திருக்கிறதா என்று பார்ப்பது போலக் கதவருகே போய் நின்றேன். உள்ளே சிஸ்டரின் குரல் வழக்கத்தைவிடவும் தணிந்திருந்தது.

"அந்தக் கோட்டச் செவுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டு இருக்கே, அத எப்படி அடிக்கிறது?"

நாற்காலி ஒன்று இழுபட்டது. பிறகு அக்கா சொன்னது கேட்டது. "நேரா அடிச்சா வராதுங்க சிஸ்டர். மேல் செவுத்துல பட்டுத் திரும்பி வரணும்."

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் கூடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. ஞாயிறு மத்தியானங்களில் சிஸ்டருக்கும் ஒரு முறை ஒதுக்கப்பட்டது. எதிரி நத்தைகளுக்கு அவர் தனியாகப் பெயர்கள் வைத்திருந்தார். அதில் ஒன்று சொன்ன நாளில் வராத தண்ணீர் லாரிக்காரருடையது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்படிப் பிரமிடு, கோட்டை எல்லாம் தாண்டிக் கொள்ளைக்காரர் கப்பல்வரை வந்துவிட்ட சமயத்தில்தான் அக்காவுக்கு அந்தக் கஷ்டம் வந்தது.

ஒரு சர்க்கரை ஆலைக்கு அனுப்ப வேண்டிய நீராவிக் குழாய். வெல்டிங் செய்த இடத்தை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஃபிலிமில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. விரிசல் என்றார் அக்கா. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும், இரண்டு நாளாகும் என்றார். லாரி வாசலில் நிற்கிறது, கையெழுத்தைப் போடு என்றார் மேனேஜர். அக்கா போடவில்லை. வேறு யாரையோ வைத்துக் கையெழுத்து வாங்கி லாரியை அனுப்பிவிட்டார்கள். அக்கா அன்று சாயங்காலமே ஹாஸ்டல் போனிலிருந்து அந்த ஆலையைக் கூப்பிட்டு, இன்ன குழாயில் இன்ன இடத்தில் விரிசல் இருக்கிறது, வெட்டிப் பார்க்காமல் நீராவி விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் துவாக்குடியில் அவரை கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, வெறும் வயிற்றோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கோணலைப் பார்க்கிறார் என்று நானும் சுவரைப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை.

ஹாஸ்டலில் ஒரு விதி உண்டு. வேலையில் இருக்கும் பெண்கள் மட்டும்தான் தங்கலாம். செய்தி ஊருக்குப் போய், உப்பிலியபுரத்திலிருந்து அக்காவின் அண்ணன் ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்தார். விவசாயி. முரட்டு மனிதர் இல்லை. தங்கைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். வரவேற்பறையில் சிஸ்டர் நடுவில் உட்கார்ந்திருக்க, அக்கா பெட்டியோடு நிற்க, பெட்டியைத் தூக்க வந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இரு, அப்புறம் பார்க்கலாம் என்றார் அண்ணன். அந்த "அப்புறம்" வராது என்பது அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். கடைசியில் அவர் ஆற்றாமையோடு கேட்டார்.

"ஒரு கையெழுத்துதானம்மா. போட்டுட்டுப் பேசாம இருந்திருக்கலாம்ல?"

அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, இங்க நாங்க ஒரு விளையாட்டு விளையாடுறோம். அதுல தோத்துட்டா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கலாம். நீராவிக் குழா வெடிச்சா, பக்கத்துல நிக்கிற ஆளுக்கு மறுபடி ஏதுண்ணே?"

அண்ணன் தரையைப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இவருக்கு வேலை இல்லை என்று யார் சொன்னது, நேற்றிலிருந்து இந்த ஹாஸ்டலில்தான் வேலை பார்க்கிறார் என்றார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அக்காவும் பார்த்தார். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, அந்த வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு வா என்றார்.

நான் அப்போது தெப்பக்குளம் பக்கம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்தவர் எழுதியதில் பிழை பார்த்துதான் எனக்குப் பழக்கம். அன்று முதல்முறையாக முழுப் பொய் ஒன்றை நானே உட்கார்ந்து, அதே நத்தைக் கம்ப்யூட்டரில், பத்து நிமிஷத்தில் டைப் செய்து, ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்துக் கொண்டுவந்தேன். பதவியின் பெயர்: விடுதித் தளவாடங்களின் தரப் பரிசோதகர். அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். பெரிய உத்தியோகம் போலிருக்கிறதே என்றார். வேன் காலியாகவே திரும்பியது.

அது பொய்யாக இருக்க அக்கா விடவில்லை. மறுநாள் காலை சிவப்பு சாக்பீஸும் ஒரு சின்னச் சுத்தியலுமாகக் கிளம்பிவிட்டார். ஹாஸ்டலில் நாற்பத்திரண்டு இரும்புக் கட்டில்கள். ஒவ்வொன்றின் கீழும் படுத்து, ஒவ்வொரு வெல்டிங்கையும் தட்டிக் கேட்டார். பதினேழு கட்டில்களை ரிஜெக்ட் செய்து பெருக்கல் குறி போட்டார். அதில் ஒன்று சிஸ்டருடையது. இருபது வருஷமாக இதில்தான் படுக்கிறேன் என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். அது உங்க அதிர்ஷ்டம், வெல்டிங் இல்ல என்று பதில் வந்தது. வெல்டர் வந்து சரிசெய்யும்வரை பத்து நாள், சிஸ்டர் உட்படப் பதினேழு பேர் பாயில் படுத்தோம். வாசல் கேட்டும் ரிஜெக்ட். தண்ணீர்த் தொட்டி ஏணி ரிஜெக்ட். சமையல்கார அம்மா இட்லிக் கொப்பரையைத் துணி போட்டு மூடி மறைத்துவைத்தார்.

இந்தக் கூத்துக்கு நடுவே ஆலையிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. விரிசல் இல்லையென்றாகிவிட்டால் துவாக்குடியில் எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. அந்த நாட்களில் அவர் நத்தைகளைத் தொடவில்லை. சிஸ்டர் வேண்டுமென்றே கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்துவைத்துப் பார்த்தார். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னிடம் கேட்டார்.

"நான் பாத்தது கோடுதானே? ஃபிலிம்ல தூசி கீசி இருந்திருக்குமோ?"

அவர் வாயிலிருந்து ஒரு சந்தேகம் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாகிவிட்டது. "தூசியும் கோடும் எனக்குக் குழம்பும்க்கா. உங்களுக்குக் குழம்பாது" என்றேன். அவர் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார்.

மூன்றாவது வாரம் ஆலையிலிருந்து ஓர் என்ஜினீயர் நேரிலேயே வந்தார். வரவேற்பறை மேஜையில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கனமான பொருளை வைத்தார். வெட்டி எடுத்த குழாய்த் துண்டு. விரிசல் ஃபிலிமில் தெரிந்ததைப் போல இரண்டு மடங்கு நீளமாக, உள்பக்கமாக ஓடியிருந்தது. அந்தக் குழாய்க்கு மூன்றடி தள்ளி ஒரு பெஞ்சு இருக்கிறது, பாய்லர் ஆட்கள் அதில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்றார் அவர். அக்கா சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், விரலை அந்த விரிசல் மேல் ஒருமுறை ஓட்டிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சிஸ்டர் எழுந்து போய் அவர் தோளில் கைவைத்து நின்றார். என்ஜினீயருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காபியை ஊதி ஊதிக் குடித்தார். போகும்போது, ஆலையிலேயே இன்ஸ்பெக்டராக வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆலை, ரயிலில் ஒரு பகல் தூரம் போக வேண்டிய வேறொரு ஜில்லாவில். கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, கடைசி யுகத்தை முடித்துவிட்டுத்தான் போவது என்று அக்காவும் சிஸ்டரும் உட்கார்ந்தார்கள். ஹாஸ்டல் முழுக்கப் பின்னால் நின்றது. கிரைண்டரின் கடைசிப் பாகத்துக்குக் காவலாக ஒரே ஒரு எதிரி நத்தை. அக்காவிடமும் ஒரே ஒரு பூசணிக்காய். அக்கா கோணமானியை வைத்து அளந்தார். எடுத்தார். மறுபடி வைத்து அளந்தார். சுட்டார். பூசணிக்காய் எழும்பி, மேகத்தைத் தொட்டு, வளைந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

"பட்டிருக்கும்" என்றார் அக்கா. காற்றைக் கொஞ்சம் கம்மியாகப் போட்டுவிட்டாயோ என்றார் சிஸ்டர். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆட்டோவில் ஜங்ஷன் போகும் வழியெல்லாம் இரண்டு பேருக்கும் இதே வாக்குவாதம். ரயில் நகர்ந்தபோது அக்கா ஜன்னல் வழியாக எங்களுக்குக் கைகாட்டவில்லை. குண்டு எப்படி விழுந்திருக்கும் என்று சிஸ்டருக்குக் கையாலேயே வளைத்துக் காட்டிக்கொண்டு போனார். சிஸ்டர் சரி சரி என்று தலையாட்டினார். ரயில் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்ததும், அக்காவின் கட்டில் மேல் என் துணிகளையும் புத்தகங்களையும் பரப்பிவைத்தேன். அறையில் இடமில்லை என்று நினைத்து வேறு ஆளைப் போடமாட்டார்கள் அல்லவா. வாரா வாரம் சிஸ்டர் அறைகளைப் பார்க்க வருவார். அந்தக் கட்டிலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். புதிதாக வருகிறவர்களை மாடிக்கு அனுப்பிவிடுவார். நான் அந்த ஹாஸ்டலை விட்டுப் போகிறவரைக்கும், அந்தக் கட்டிலில் என் துணிகள்தான் படுத்திருந்தன.